மல்லாட்டை முதல் மோர் மிளகாய் வரை: எங்கள் வீட்டு அறுவடையும் சேமிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செஞ்சிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர்களும், ஊரைவிட்டுப் போய் மறுபடி நிலத்துக்குத் திரும்ப நினைக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். போனில் ஒவ்வொருவருக்கும் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எவ்வளவு நிலம்? என்னென்ன விளைகிறது?

மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, முக்கால் ஏக்கரில் நெல், மீதியில் கம்பு, உளுந்து, கொஞ்சம் மிளகாய். வரப்பு ஓரமாகத் துவரையும் ஆமணக்கும். வீட்டைச் சுற்றி அவரை, சுண்டை, எலுமிச்சை, ஒரு நெல்லி, முருங்கை. இரண்டு கறவை மாடு, கோழிகள். வீட்டில் ஆறு பேர்.

மல்லாட்டை என்றால் நிலக்கடலைதான். பிலிப்பைன்ஸ் மணிலாவின் பேரோடு வந்த மணிலாக்கொட்டை, எங்கள் விழுப்புரம், கடலூர் பக்கத்து வாயில் மல்லாக்கொட்டையாகி, அப்புறம் மல்லாட்டை ஆகிவிட்டது. உரித்த பருப்பைப் பயிறு என்போம். நான் அப்படித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அறுவடைக் காலம் எது? எல்லாரும் தை மாதம் என்கிறார்களே?

நெல்லுக்குத் தை. ஆனால் எங்கள் வீட்டில் மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள் புரட்டாசியும் ஐப்பசியும்தான். மல்லாட்டையும் கம்பும் அப்போதுதான் வீடு வந்து சேரும்.

குளிர்நாடுகளில் இதே மாதங்களில்தான் அறுவடை முடித்துக் குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கிறார்கள். அங்கே அது இலை உதிர்காலம். நமக்கு அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதாவது, காயவைக்க வேண்டிய நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டுச் சேமிப்பு முழுக்க ஈரத்தோடு நடக்கிற போராட்டம். கீழே நான் சொல்லும் எல்லா பதிலிலும் இந்த ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். எங்களுக்குக் கிணறு இருப்பதால் ஆனி பாதிக்குள் மல்லாட்டையை விதைத்துவிடுகிறோம். 105 நாள் பயிர் என்று வைத்தால் புரட்டாசி கடைசி வாரத்தில் பிடுங்கலாம். ஆடி கடைசியில் விதைத்தவர்களுக்குப் பிடுங்குகிற நாளும் அடைமழையும் ஒன்றாக வரும். இரண்டு முறை அப்படி மாட்டிக்கொண்ட பிறகுதான் நாங்கள் முன்னால் தள்ளினோம்.

மல்லாட்டை பிடுங்குகிற நாளை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

நாளை எண்ணினால் மட்டும் போதாது, ஓட்டைப் பார்க்க வேண்டும். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டு செடி பிடுங்குவோம். காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் இளசு. கருத்து, பழுப்பு ஓடி, பயிறின் தோல் அழுந்திய தடம் தெரிந்தால் முற்றியது. நாலில் மூன்று பங்கு காய் இப்படி இருந்தால் ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிடுவோம்.

இன்னும் நாலு நாள் விட்டால் எடை கூடும் என்று ஆசை வரும். ஆசைப்படாதீர்கள். நாங்கள் போடுவது கொத்து ரகம், அதற்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய பிறகு நல்ல மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அதேபோல முன்கூட்டிப் பிடுங்கினால் பயிறு சுருங்கிப்போகும், எண்ணெயும் குறையும்.

மண் இறுகியிருந்தால் இழுக்கும்போது காம்பு அறுந்து காய் உள்ளேயே நின்றுவிடும். முதல் நாள் லேசாகத் தண்ணீர் விட்டுப் பிடுங்குவோம். பிடுங்கிய செடியைக் காய் மேலே, இலை கீழே இருக்கும்படி கவிழ்த்து வரிசையாகப் போட வேண்டும். காய்க்கு வெயில் படணும், மண்ணில் படக்கூடாது.

அப்புறம் நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, செடியை எடுத்துக் காயைக் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். அளந்து கூலி. ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான் பேசி முடியும். ஆய்ந்த கொடியை வீசிவிடாமல் காயவைத்துப் போர் போட்டுவிடுவோம். மழைக்காலம் முழுக்க மாட்டுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நல்ல வெயிலில் நாலைந்து நாள். பகலில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் காலால் துழாவிவிடுவோம். பொழுது சாய்ந்ததும் குவித்து மூட வேண்டும், பனி இறங்கும்.

சோதிக்க மூன்று வழி. காதருகே ஒரு காயை ஆட்டினால் உள்ளே கலகலவென்று பயிறு ஓடணும். பயிறை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் தோல் உரிந்து வரணும். மூன்றாவது என் அத்தையின் பல். என் வீட்டுக்காரரின் அம்மா, எழுபது தாண்டியவர். குவியலின் மேலிருந்து எடுக்கவே மாட்டார். கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு காய் எடுப்பார். உடைத்துப் பயிறைக் கடைவாயில் வைத்து, எங்கள் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கடிப்பார். 'கடக்' என்று ஒடிந்தால் தலையை ஆட்டுவார். மெத்தென்று நசுங்கினால், "இன்னொரு வெயில் காட்டும்மா" என்று எழுந்து போய்விடுவார்.

பயிறின் ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது வேளாண்மைத் துறை சொல்கிற கணக்கு. ஒருமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானியில் வைத்துப் பார்த்தோம். அத்தை தலையாட்டிய மூட்டை ஏழரை காட்டியது.

காயவைக்கும்போது மழை வந்துவிட்டால்?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கே நேர்ந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் களத்தில் இரண்டாம் நாள் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது சாயங்காலம் மேகம் கூடியது. அவசரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்தோம். மழை மூன்று நாள் விடவில்லை. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். நாலாம் நாள் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கைவிட்டால், சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரிச் சூடு. புளித்த வாடை. வெளியிலிருந்து மழை வரவில்லை, காய்க்குள் இருந்த ஈரமே வெளியேற வழியில்லாமல் வெந்திருக்கிறது. உடைத்த காயில் பச்சை மஞ்சளாகப் பூசணம். ஏழு மூட்டை போச்சு. குழி வெட்டி மூடினோம். அன்றைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், மழை வந்தால் குவிப்பதே இல்லை. திண்ணை, கூடம், கட்டிலுக்கு மேல், கட்டிலுக்குக் கீழ் என்று எங்கே இடமிருக்கிறதோ அங்கே நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிடுகிறோம். மின்விசிறியை ஓட விட்டு, ராத்திரியிலும் எழுந்து இரண்டு தரம் கிளறிவிடுகிறோம். காயை மிதித்துக்கொண்டுதான் அந்த வாரம் வீட்டில் நடமாட்டம். தார்ப்பாய் களத்தில் தேவைதான், ஆனால் மழை விட்டதும் அடுத்த நிமிஷம் திறக்க வேண்டும்.

லேசாகப் பூசணம் பிடித்ததைக் கழுவி வறுத்துச் சாப்பிடலாமா?

கூடாது. அந்தப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். கழுவினாலும் வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாக நம்மிடமே திரும்பி வரும். சுருங்கினது, நிறம் மாறினது, ஓடு விரிசல் விட்டது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளிவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும்.

விதைக்கு எப்படி எடுத்து வைக்கிறீர்கள்?

ஓட்டோடுதான். உரித்த பயிறு வண்டுக்கும் காற்றுக்கும் சீக்கிரம் ஆளாகும், மேல்தோல் கீறினாலே முளைப்பு குறையும். விதைக்கு முதல் வாரம் கையால் உரிப்போம். எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 85 கிலோ பயிறு வேண்டும். அதற்கு 130 கிலோ காயைத் தனியே வைக்கிறோம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவோம். செங்கல் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். விதைக்காயை உச்சி வெயிலில் காட்டக் கூடாது, காலை வெயிலும் சாயங்கால வெயிலும் போதும்.

எண்ணெய் சொந்தமாகவே ஆட்டிக்கொள்கிறீர்களா?

ஆமாம். ரெண்டரை கிலோ பயிறுக்கு ஒரு லிட்டர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. மாதம் நாலு லிட்டர் என்றால் வருஷத்துக்கு 120 கிலோ பயிறு. ஆனால் ஒரே தடவையில் ஆட்டி வைக்காதீர்கள். காயாக ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் சீக்கிரம் கெடாது, டின்னுக்குள் போனால் நாலைந்து மாதத்தில் காறல் வாடை தட்டும். வருஷத்துக்கு மூன்று தடவை செக்குக்குக் கொண்டு போகிறோம். ஆட்டிய எண்ணெயை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் கசடு அடியில் தங்கும், தெளிந்ததை மட்டும் ஊற்றி வைக்கலாம். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடுவார்கள், இதற்கு வேண்டாம். புண்ணாக்கு மாட்டுக்கு.

உளுந்து, துவரையில் வண்டு வராமல் என்ன செய்வது?

வண்டு வீட்டில் மட்டும் வருவதில்லை, வயலிலிருந்தே கூட வருகிறது. காய்மேல் முட்டையிட்டுப் புழு உள்ளே நுழைந்துவிடும். நாம் டப்பாவில் மூடி வைத்ததும் அது உள்ளே வளர்ந்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதனால் அடித்துத் தூற்றிய உடனேயே இரண்டு கடும் வெயில் காட்டுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொன்று.

துவரைக்கு எங்கள் வீட்டில் செம்மண் கட்டுவோம். தண்ணீரில் நனைத்த துவரையில் சலித்த செம்மண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு ராத்திரி குவித்து வைத்து, மறுநாளிலிருந்து காயவைப்போம். மண் பூச்சு வண்டைத் தடுக்கும், பிறகு உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழன்று வரும். அந்தப் பருப்பில் சாம்பார் வைத்தால் வாசனையே வேறு. அவ்வளவு வேலைக்கு முடியாதவர்கள் உடைத்த பருப்பில் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். சமைக்கும்போது கழுவினால் போய்விடும். அவரை விதைக்குச் சலித்த அடுப்புச் சாம்பல் போதும்.

நெல்லைக் குதிரில் வைக்கிறீர்களா?

குதிர் இருக்கிறது, மண் குதிர், அத்தையின் மாமியார் காலத்தது. சாப்பாட்டு நெல்லில் பாதி அதில் போகும், மீதி சாக்கில். அடுக்கடுக்காக நொச்சி இலை போடுவோம். ஆறு மாதமாவது பழசான நெல்லைத்தான் அரைக்கக் கொடுப்போம். புது அரிசி குழையும்.

வற்றல், வடகம் எல்லாம் இதே மாதத்திலா?

இல்லை. ஐப்பசியில் வற்றல் போட்டால் பூசணம்தான் மிஞ்சும். அதெல்லாம் மாசிக்கு மேல். மாசியில் மாவடு, புளி. பங்குனியில் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, கூழ் வடகம். சித்திரையில் மாங்காய் ஊறுகாய்.

நிறைய பேர் மோர் மிளகாய் பற்றிக் கேட்பதால் அதை மட்டும் சொல்கிறேன். காரம் குறைந்த பச்சை மிளகாயைக் காம்போடு கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனியில் ஒரு கீறல். நன்றாகப் புளித்த கெட்டி மோரில் உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறட்டும். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் வற்றும் வரைக்கும் இப்படியே. வெளுத்து, எலும்பு நிறத்துக்கு வந்து, ஒடித்தால் ஒடிகிற பதத்தில் எடுத்து வைத்தால் இரண்டு வருஷம் இருக்கும். மிளகாயைத் தினமும் மறுபடி ஊறப் போடச் சிலருக்குச் சலிப்பாகிவிடுகிறது. அதை விட்டால் உப்பு உள்ளே ஏறாது, வறுத்தால் வெறும் காரம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வெயில் வேண்டாத வேலைகளைத்தான் செய்கிறோம். உப்பு நெல்லி, எலுமிச்சை ஊறுகாய். கிலோ எலுமிச்சைக்கு கால் கிலோ கல்லுப்பு. பத்து நாள் தினமும் ஜாடியைக் குலுக்கிவிட்டு, தோல் மெத்தென்று ஆன பிறகு தாளிப்பு.

நான் போட்ட ஊறுகாய் ஒரு மாதத்திலேயே பூத்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. காயைக் கழுவியபின் சரியாகத் துடைக்கவில்லை. ஜாடி உள்ளே ஈரம். இல்லையென்றால் உடம்புக்கு ஆகாது என்று உப்பைக் குறைத்திருப்பீர்கள். உப்பைக் குறைக்க நினைத்தால் ஊறுகாயைக் குறைத்துச் சாப்பிடுங்கள், ஜாடியில் குறைக்காதீர்கள். ஈரக் கரண்டியும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடியை அத்தையும் நானும் தவிர யாரும் திறக்கக் கூடாது.

வெளிநாட்டில் காய்கறியை வேகவைத்துப் பாட்டிலில் அடைக்கிறார்களே, நாமும் செய்யலாமா?

புளிப்பு இல்லாத காய், பருப்பு, இறைச்சி எதையும் சும்மா கொதிக்கவைத்துக் காற்றுப்புகாமல் மூடி வெளியே வைக்கவே கூடாது. பொட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரும் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநீருக்குச் சாகாது. மூடிய பாட்டிலுக்குள் காற்றில்லாத இடத்தில்தான் அது வளரும். வாடையும் தெரியாமல் போகலாம், உயிரையே எடுக்கும். அங்கே அதற்கென்று செய்த அழுத்தக் கலத்தில் 116 டிகிரிக்கு மேல், குறித்த நேரம் வைத்து எடுக்கிறார்கள். நம் வீட்டு குக்கர் அந்த வேலைக்குச் செய்ததல்ல. பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதிலும் இதே ஆபத்து. நம்மிடம் வெயிலும் உப்பும் புளிப்பும் இருக்கும்போது இது தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஃப்ரிட்ஜ் இல்லையா?

இருக்கிறது. பால், மாவு, மிச்சக் குழம்பு வைக்கிறோம். ஆனால் வருஷச் சாப்பாட்டை அதை நம்பி வைப்பதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் வாக்கில் மழை. எங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை, ரோட்டில் தண்ணீர், கடை திறக்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததை இரண்டாம் நாளே கொட்டிவிட்டோம். குதிரில் நெல் இருந்தாலும் அரைக்க மில் ஓடாது. நல்லவேளையாக ஒரு மூட்டை அரிசி அரைத்து வைத்திருந்தோம். விறகு அடுப்பில் சோறு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, மோர் மிளகாய், காலையில் கேழ்வரகுக் கூழ். பக்கத்துத் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த இரண்டு குடும்பமும் எங்களோடுதான் சாப்பிட்டார்கள். வயலில் நின்ற நெல் சாய்ந்து பாதி வீணானது. அன்றிலிருந்து மழைக்கு முன்னால் அரிசி அரைத்து வைப்பதை மறப்பதில்லை.

அறுவடை நேரத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, ஆறு மணிக்குள் சொசைட்டிக்கு. ஏழுக்கு ஆள் வந்துவிடும். பத்தரைக்கு வயலுக்குக் கூழும் பச்சை வெங்காயமும். நான் வயலுக்கும் களத்துக்கும் நடந்தபடியே இருப்பேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் களத்தில் காக்கா ஓட்டுவார்கள், பச்சைக் காயை வேகவைத்துத் தின்பார்கள். புரட்டாசியில் கவிச்சி கிடையாது, அதனால் சமையல் சுருக்கம். எட்டரைக்குப் படுத்தால் வானத்துச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடிதான் தூக்கம்.

கடையில் என்னதான் வாங்குகிறீர்கள்?

உப்பு, சர்க்கரை, கடுகு, டீத்தூள், வெங்காயத்தில் பாதி, மீன். துணிமணி, மருந்து, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் மல்லாட்டை விற்ற பணமும் பால் பணமும். நிலத்துக்குத் திரும்ப நினைக்கிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: சாப்பாட்டுக்கு நிலம் பார்த்துக்கொள்ளும், ரொக்கத்துக்கு வேறு ஒரு வழி இருக்க வேண்டும். முதல் மூன்று வருஷம் கையில் இருக்கிற வேலையை விடாதீர்கள்.

நிலம் இல்லை, வாடகை வீடு, மொட்டை மாடி மட்டும்தான். எதில் ஆரம்பிக்கலாம்?

மோர் மிளகாயில். அரைக் கிலோ மிளகாய், ஒரு லிட்டர் தயிர், ஒரு முறம், பங்குனி வெயில். பத்து நாளில் பதம் பார்க்கக் கை பழகிவிடும். அடுத்தது மணத்தக்காளி. மூன்றாவதாக, மொத்தமாக வாங்கிய துவரம்பருப்பை வெயில் காட்டி விளக்கெண்ணெய் பிசறி வைத்துப் பாருங்கள். ஜாடி வாங்கும்போது வாய் அகலமானதாக வாங்குங்கள், உள்ளே கைவிட்டுத் துடைக்க முடியணும். துடைத்த பிறகும் ஒரு முழு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.